நாலு பேர் டென்ட்டில் நாலு பேர் படுக்க முடியுமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

வழக்கமா இங்க சாஃப்ட்வேர், கேட்ஜெட், ஆபீஸ் வாழ்க்கைன்னு பேசிக்கிட்டு இருப்போம். இன்னைக்குக் கொஞ்சம் வெளியில போகலாம். குடும்பத்தோட கேம்பிங் போறதுக்கு ஒரு டென்ட் வாங்கணும்னா, எதைப் பார்த்து வாங்கறது? இதுதான் தலைப்பு.

தனியா பைக்ல ஊர் சுத்தறவங்களுக்கு யூடியூப்ல ஆயிரம் வீடியோ இருக்கு. நான் பேசப் போறது வேற கூட்டத்துக்கு. எங்க வீட்டையே எடுத்துக்கோங்க. அப்பா, அம்மா, 76 வயசுப் பாட்டி, அக்கா, அக்காவோட அஞ்சு வயசுப் பையன், நான். மொத்தம் ஆறு பேர். பாட்டிக்கு முழங்கால் வலி. பையனுக்கு ராத்திரி ரெண்டு தடவை பாத்ரூம் போகணும். அப்பா விடுற குறட்டை பக்கத்து வீடு வரைக்கும் கேக்கும். இந்த ஆறு பேரும் ஏலகிரியில ஒரு ராத்திரி நிம்மதியா தூங்கி எழுந்திருக்கணும். இதுதான் நாம தீர்க்க வேண்டிய கணக்கு.

ஏன் இதை இவ்வளவு சீரியஸா எடுத்துக்கணும்? நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு ட்ரிப்ல அவங்களுக்குக் கஷ்டமா இருந்தா, "எனக்குக் கஷ்டமா இருந்தது"ன்னு சொல்ல மாட்டாங்க. அடுத்த தடவை கூப்பிடும்போது, "நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் வீட்டைப் பாத்துக்கறேன்"னு சொல்லிடுவாங்க. அதுக்கப்புறம் அவங்க வரவே மாட்டாங்க. முதல் ராத்திரி சரியா அமையலைன்னா ரெண்டாவது ட்ரிப்பே கிடையாது. அதனால டென்ட் வாங்கும்போது வீட்டிலேயே யாருக்கு உடம்பு ரொம்ப முடியாதோ, அவங்களை மனசுல வெச்சு வாங்கணும். இன்னைக்கு நான் சொல்லப் போறது எல்லாமே இந்த ஒரு விஷயத்துல இருந்துதான் வருது.

டப்பாவில் இருக்கும் எண்

டென்ட் டப்பாவில் "4 பேர்"னு போட்டிருப்பாங்க. அதுக்கு என்ன அர்த்தம்?

திருவல்லிக்கேணியில வளர்ந்தவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எங்க ஏரியா மேன்ஷன்கள்ல "மூணு பேர் ரூம்"னு சொல்வாங்க. மூணு கட்டில் போட்டா ரூம் முடிஞ்சுது. பெட்டி கட்டிலுக்கு அடியில, துணி கொடியில, செருப்பு வராந்தாவில. மூணு பேர் படுக்கலாம்கிறது உண்மை. மூணு பேர் வாழலாம்னு யாரும் சொல்லல. டென்ட் டப்பாவில் இருக்கிற எண்ணும் அதே கணக்குதான். பக்கத்துல பக்கத்துல எத்தனை உடம்பைக் கிடத்தலாம்? அவ்வளவுதான். பைக்கு இடம் இல்ல, தண்ணி பாட்டிலுக்கு இடம் இல்ல, ராத்திரி எழுந்து நடக்க வழி இல்ல.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாலு பேர் டென்ட்கள்ல அடிக்கடி பார்க்கிற தரை அளவு 240 செ.மீ.க்கு 210 செ.மீ. 240-ஐ நாலால வகுத்தா ஆளுக்கு 60 செ.மீ. ரெண்டு அடி. நம்ம கோரைப் பாய் ஒண்ணு சாதாரணமா மூணு அடி அகலம் இருக்கும். அதுல மூணுல ரெண்டு பங்குதான் உங்களுக்கு.

இன்னொரு உதாரணம். உலகம் முழுக்க ரொம்ப நாளா விக்கிற கோல்மேன் சன்டோம் டென்ட்ல நாலு பேர் மாடலின் தரை 9 அடிக்கு 7 அடி, நடு உயரம் 4 அடி 11 அங்குலம். அதே சன்டோம்ல ஆறு பேர் மாடல் 10-க்கு 10 அடி, நடு உயரம் 6 அடி. பேப்பர்ல பார்த்தா ரெண்டு பேர்தான் வித்தியாசம். ஆனா முதல் டென்ட்ல யாரும் நிமிர்ந்து நிக்க முடியாது. ரெண்டாவதுல நம்ம வீட்டு ஆளுங்க பெரும்பாலானவங்க நடுவில் நின்னு புடவை கட்டலாம், பேன்ட் மாத்தலாம். அந்த ஒரு அடி உயரம்தான் குடும்ப டென்ட்டையும் டிரெக்கிங் டென்ட்டையும் பிரிக்கிற கோடு.

நான் வெச்சிருக்கிற சூத்திரம் ரொம்ப சிம்பிள். வீட்டுத் தலைகளை எண்ணுங்க. ஒன்றரையால பெருக்குங்க. நாலு பேருக்கு ஆறு பேர் டென்ட். ஆறு பேருக்கு மொத்தம் ஒன்பது பேருக்கான இடம். அது ஒரே டென்ட்டா இருக்கணுமான்னு பின்னாடி பேசலாம்.

படுக்கிற இடம் வேற, உட்காரும் இடம் வேற

தரை அளவை மட்டும் பார்த்து வாங்கினா இன்னொரு இடத்துல மாட்டுவோம். டென்ட் சுவர் சாய்வா வருதே, அதனால தரை முழுக்க உபயோகப்படாது.

ஒரு குவிமாட டென்ட்டை எடுத்துக்குவோம். நடு உயரம் 130 செ.மீ. ஒரு பெரியவர் தரையில நிமிர்ந்து உட்கார்ந்தா தலை கிட்டத்தட்ட 90 செ.மீ. உயரத்துல இருக்கும். டென்ட்டின் வளைவைத் தோராயமா ஒரு பரவளையம்னு வெச்சுக் கணக்குப் போட்டா, தலை இடிக்காம உட்காரக்கூடிய இடம் தரையில மூணுல ஒரு பங்குக்கும் கொஞ்சம் கம்மி. அதே வளைவுல நடு உயரம் 190 செ.மீ.யா இருந்தா பாதிக்கு மேல கிடைக்குது. கேபின் மாதிரி சுவர் நேரா நிக்கிற டென்ட்டா இருந்தா கிட்டத்தட்ட முழுத் தரையும் கிடைச்சிடும்.

இது ஏன் முக்கியம்? மழை வந்தா ஆறு பேரும் உள்ளேதான் இருக்கணும். அப்ப யாரும் படுத்துக்கிட்டு இருக்கப் போறதில்ல. உட்கார்ந்து சீட்டு ஆடுவாங்க, முறுக்கு சாப்பிடுவாங்க, பையன் ஓடுவான். ரெண்டு மணி நேரம் கூன் போட்டு உட்கார்ந்தா பாட்டிக்கு இடுப்பு விட்டுப் போயிடும். அதனால கடையில செட் பண்ணி வெச்சிருக்கிற டென்ட்டுக்குள்ள போய், ஓரத்துல உட்கார்ந்து பாருங்க. நடுவில் உட்கார்ந்தா எல்லா டென்ட்டும் நல்லாதான் இருக்கும்.

மடக்குக் கட்டில் போடணும்னா இன்னும் கவனம் தேவை. பாட்டியால தரையில இருந்து எழுந்திருக்க முடியாது, அதனால எங்க கணக்குல கட்டில் கட்டாயம். கட்டில் முழங்கால் உயரம் இருந்தா, அதுமேல உட்காரும்போது தலை 130 செ.மீ.க்கும் மேல போயிடும். சாய்வுச் சுவர் டென்ட்ல கட்டிலை ஓரமா போடவே முடியாது. கட்டில் காலுக்கு அடியில ரப்பர் துண்டோ பழைய மிதியடியோ வைக்கணும். இல்லைன்னா முதல் ராத்திரியே தரையில நாலு ஓட்டை விழும்.

கதவும் வாசப்படியும்

டென்ட் விமர்சனங்கள்ல கதவைப் பத்தி அதிகம் பேச மாட்டாங்க. குடும்ப டென்ட்டுக்குப் பாதி முடிவு அங்கதான் இருக்கு.

முதல்ல எண்ணிக்கை. ஒரே கதவு, அதுவும் ஒரு பக்கமா இருந்தா, உள்ளே கடைசியில படுத்திருக்கறவங்க மத்த எல்லாரையும் தாண்டித்தான் வெளியே போகணும். ராத்திரி ரெண்டு மணிக்குப் பையனைத் தூக்கிக்கிட்டு அக்கா மூணு பேர் கால் மேல நடந்து போறதைக் கற்பனை பண்ணிக்கோங்க. எதிரெதிரா ரெண்டு கதவு இருந்தா இந்தப் பிரச்சினையே இல்ல. காத்தும் குறுக்கே ஓடும்.

ரெண்டாவது உயரம். 190 செ.மீ. உயர டென்ட்னு வாங்கிட்டு, கதவு இடுப்பு உயரத்துக்கு இருந்தா தவழ்ந்துதான் உள்ளே போகணும். முழங்கால் வலி இருக்கறவங்களுக்கு அது தண்டனை. கொஞ்சம் தலையைக் குனிஞ்சா நுழையற மாதிரி இருக்கணும்.

மூணாவது வாசப்படி. நல்ல டென்ட்கள்ல தரைத் துணி ஓரத்துல ஒரு ஜான் மேலே ஏறித்தான் சுவரோட சேரும். மழைத் தண்ணி உள்ளே வராம இருக்க அது வேணும். ஆனா இருட்டுல பெரியவங்க கால் தடுக்கற இடமும் அதேதான். அந்த விளிம்புல பளிச்சுன்னு ஒரு வெள்ளை ரிப்பன் தைச்சுடுங்க, பக்கத்துல ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கு வைங்க. ரொம்பச் சின்ன வேலை, பெரிய நிம்மதி.

காற்று, வியர்வை, காலையில் சொட்டும் தண்ணி

இப்ப நம்ம ஊருக்கே உரிய விஷயத்துக்கு வரலாம்.

தமிழ்நாட்டுக்கு டென்ட் புதுசு இல்ல. 1905-லேயே சாமிக்கண்ணு வின்சென்ட் ஊர் ஊரா டென்ட் போட்டுச் சினிமா காட்ட ஆரம்பிச்சுட்டார். டென்ட்டுக் கொட்டாய்ங்கிற வார்த்தையே அப்படி வந்ததுதான். கல்யாண வீட்டுச் சாமியானாவையும் தென்னோலைப் பந்தலையும் யோசிச்சுப் பாருங்க. மேலே கூரை இருக்கும், பக்கவாட்டில் பெரும்பாலும் திறந்திருக்கும். வெயிலும் மழையும் மேலே இருந்து வரக் கூடாது, காத்து பக்கத்துல இருந்து வரணும். நம்ம ஊர் வெயிலுக்கு இதுதான் சரியான டிசைன்.

கடையில கிடைக்கிற நிறைய டென்ட்கள் குளிர் நாடுகளை மனசுல வெச்சு வரையப்பட்டவை. அதுல உள்ளே இருக்கிற சூட்டை வெளியே விடாம வெச்சுக்கறதும் ஒரு நோக்கம். நமக்கு வேண்டியது பந்தலுக்குக் கிட்ட வர்ற டென்ட். அதாவது ரெண்டு அடுக்கு. உள் டென்ட்டின் மேல்பாதி முழுக்கக் கொசுவலை. அதுக்கு மேலே தனியா ஒரு மழைப் போர்வை, கடையில ஃப்ளைன்னு சொல்வாங்க. மழை இல்லாத ராத்திரியில ஃப்ளையைச் சுருட்டிக் கட்டிட்டா வானம் தெரியும், காத்தும் வரும்.

ஒற்றை அடுக்கு டென்ட் மலிவா இருக்கும், எடையும் கம்மி. ஆனா குடும்பத்துக்கு வேண்டாம். காரணம் மூச்சுக்காத்து. தூங்கும்போது ஒரு ஆள் மூச்சுலயும் வியர்வையிலயும் சில நூறு மில்லி தண்ணியை ஆவியா வெளியே விடுவார். நாலு பேர் ஒரே டென்ட்ல தூங்கினா அது ஒரு லிட்டரைத் தொடும். வெளியே குளிர், உள்ளே ஈரக் காத்து. அந்த ஈரம் குளிர்ந்த துணியில பட்டுத் தண்ணியா மாறும். காலையில நெத்தியில சொட்டும். "டென்ட் ஒழுகுது"ன்னு புகார் சொல்றவங்கள்ல நிறைய பேருக்கு உண்மையில நடக்கறது இதுதான். ரெண்டு அடுக்கு இருந்தா அந்தத் தண்ணி ஃப்ளையின் உள்பக்கம் வழிஞ்சு தரைக்குப் போயிடும், உங்க மேல விழாது.

மலை ஏற ஏறக் குளிர் கூடும். தோராயமா ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி. ஏலகிரி கிட்டத்தட்ட 1,100 மீட்டர். அதனால சமவெளியை விட ஏழு டிகிரி குறையும். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல. அங்க பதிமூணு, பதினாலு டிகிரி வித்தியாசம் வரும். கொடைக்கானல் குளிருதேன்னு டென்ட்டை முழுக்க மூடிடாதீங்க. மேலே இருக்கிற காத்து வழியைத் திறந்து வெச்சுட்டு, இன்னொரு கம்பளி போத்திக்கோங்க.

இதோட சேர்த்து ஒண்ணு சொல்லிடறேன், தயவுசெஞ்சு இதை மட்டும் மறக்காதீங்க. டென்ட்டுக்குள்ள அடுப்பு, கரி, கொசுவத்திச் சுருள் எதுவும் கூடாது. கரி நெருப்புல இருந்து வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போயிடும். பார்பெக்யூ முடிஞ்சதும் கதகதப்புக்காகக் கரித்தட்டை உள்ளே கொண்டு வர்ற பழக்கம் ரொம்ப ஆபத்தானது. கொசுவுக்கு வலையும் ஜிப்பும் போதும்.

மழைக்கு எந்த எண்ணைப் பார்க்கணும்

டென்ட் விவரத்துல "2000 மி.மீ."ன்னு ஒரு எண் இருக்கும். அந்தத் துணி மேல ஒரு குழாயை நிறுத்தி, அதுல தண்ணி ஊத்திக்கிட்டே போனா, எத்தனை மி.மீ. உயரம் வரைக்கும் கீழே கசியாம தாங்கும்னு சொல்ற அளவு அது. 2000-னா ரெண்டு மீட்டர் உயரத் தண்ணியைத் தாங்கும். மேல் போர்வைக்கு 1500-ல இருந்து 2000 வரைக்கும் நம்ம தேவைக்குப் போதும்.

தரைக்கு அது போதாது. ஒரு சதுர செ.மீ.ல ஒரு கிலோ அழுத்தினா, அது பத்து மீட்டர் தண்ணி உயரத்துக்குச் சமம். 70 கிலோ ஆள் முட்டி போட்டு நகர்றார்னு வெச்சுக்கோங்க. ரெண்டு முட்டியும் சேர்ந்து 100 சதுர செ.மீ. தரையைத் தொட்டா, அந்த இடத்துல அழுத்தம் 7000 மி.மீ.க்குச் சமம். ஈரத் தரையில முட்டி வெச்ச இடத்துல மட்டும் நனையறதுக்குக் காரணம் இதுதான். அதனால தரைக்கு 3000-க்கு மேல இருக்கிறதைப் பாருங்க. கூடவே ஒரு தார்ப்பாயை அடியில விரிங்க. தார்ப்பாய் டென்ட் தரையை விடக் கொஞ்சம் சின்னதா இருக்கணும். வெளியே நீட்டிக்கிட்டு இருந்தா மழைத் தண்ணியை அதுவே வாங்கி அடியில சேர்த்து வெச்சுடும்.

எண்ணை விட முக்கியம் தையல். தையல் ஓட்டைங்க மேல உள்பக்கமா டேப் ஒட்டியிருக்கான்னு தடவிப் பாருங்க. அப்புறம் ஃப்ளை எவ்வளவு கீழே வருதுன்னு பாருங்க. தொப்பி மாதிரி மேலே மட்டும் மூடற ஃப்ளை சாரலுக்குத் தாங்காது. தரைக்கு ஒரு சாண் மேல வரைக்கும் இறங்கணும்.

காலத்தையும் பார்த்துக்கோங்க. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை. மூணு மீட்டருக்கு மூணு மீட்டர் டென்ட் மேல 50 மி.மீ. மழை பெஞ்சா 450 லிட்டர் தண்ணி அதைச் சுத்தி வழியும். அது சாதாரண நாள் இல்ல. முதல் ட்ரிப்பை ஜனவரியிலயோ பிப்ரவரியிலயோ வைங்க.

கம்பி, காற்று, தரை

மலிவான டென்ட்கள்ல ஃபைபர் கிளாஸ் கம்பி வரும். அது உடையும்போது நார் நாரா பிளக்கும், வெறும் கையில தொட்டா சிராய்ப்பு ஏறும். அலுமினியம் வளையும், சட்டுன்னு உடையாது, எடை கம்மி, விலை கூட. பெரிய கேபின் டென்ட்கள்ல இரும்புக் குழாய் வரும், எடை ஏறும். ஃபைபர் கிளாஸ் வாங்கினா தப்பில்ல. ஆனா கம்பி மேல மாட்டற ஒரு சின்ன உலோகக் குழாயும் கொஞ்சம் டேப்பும் பையில இருக்கட்டும். உடைஞ்ச இடத்துல குழாயை ஏத்தி டேப் சுத்தினா ராத்திரியைத் தாண்டிடலாம்.

உயரமான டென்ட்டுக்கு ஒரு விலை உண்டு, அது காத்து. காத்தின் வேகம் ரெண்டு மடங்கானா அழுத்தம் நாலு மடங்காகும். மூணு மீட்டர் அகலமும் ஆளுயரமும் இருக்கிற டென்ட் மேல 40 கி.மீ. வேகக் காத்து அடிச்சா தோராயமா 35, 40 கிலோ தள்ளு. 60 கி.மீ. ஆனா 80 கிலோவைத் தாண்டும். அதனால இழுத்துக் கட்டற கயிறு எல்லாத்தையும் முதல் நாள் சாயந்திரமே கட்டுங்க. "காத்து வந்தா பாத்துக்கலாம்"னு விட்டா, ராத்திரி ஒரு மணிக்கு டார்ச் பிடிச்சுக்கிட்டு முளை அடிக்க வேண்டியிருக்கும்.

டென்ட் தானா நிக்குமா, முளை அடிச்சாத்தான் நிக்குமான்னு கேட்டுக்கோங்க. குவிமாட டென்ட்கள் பெரும்பாலும் கம்பி மாட்டினதும் தானா நிக்கும். சுரங்கம் மாதிரி நீளமா இருக்கிற டென்ட்கள் முளை அடிச்சு இழுத்தாத்தான் எழும்பும். அதுல முன்னாடி ஒரு வராந்தா கிடைக்கும், செருப்பு, பை, சேர் எல்லாம் வெச்சுக்கலாம், குடும்பத்துக்கு அருமை. ஆனா பாறைத் தரையில முளை இறங்காது. டென்ட்டோட வர்ற மெல்லிசு முளைகள் செம்மண்ணும் சரளையும் கலந்த தரையில வளைஞ்சு போகும். கனமான இரும்பு முளை பத்துப் பன்னிரண்டு தனியா வாங்கிடுங்க.

போக்குவரத்தையும் யோசிக்கணும். டெகாத்லான் 2005-ல கொண்டு வந்த "2 செகண்ட்ஸ்" டென்ட்டைத் தூக்கிப் போட்டா தானா விரியும். பார்க்க மேஜிக். ஆனா மடிச்சா பெரிய வட்டத் தட்டு. ஜோலார்பேட்டை வரைக்கும் ரயில்ல போய், அங்க இருந்து ஏலகிரிக்கு வண்டி பிடிக்கிற குடும்பத்துக்கு, பெர்த்துக்கு அடியில போகாத அந்தத் தட்டு தலைவலி. கார் மேல கேரியர் இருந்தா யோசிக்கலாம்.

ஒண்ணா, ரெண்டா?

இப்ப எங்க வீட்டுக் கணக்குக்கு வர்றேன்.

ஆறு பேருக்கு ஒன்றரை மடங்குன்னா ஒன்பது பேர் இடம். அவ்வளவு பெரிய ஒரே டென்ட் வாங்கலாமா? மூணு காரணத்துக்காக வேண்டாம்னு முடிவு பண்ணினேன். ஒண்ணு, மலையில அவ்வளவு பெரிய சமதளம் கிடைக்கறது கஷ்டம். ரெண்டு, எடை. ஒரே ஆள் தூக்க முடியாது. மூணு, அப்பா குறட்டை.

என் விடை ரெண்டு டென்ட். ஒண்ணு 10-க்கு 10 அடி, நிக்கிற உயரம், ரெண்டு கதவு. அதுல பாட்டி, அம்மா, அக்கா, பையன். பெரியவங்க மூணு பேருக்கு ஆளுக்கு 75 செ.மீ., பையனுக்கு 60. மொத்தம் 285 செ.மீ. 300 செ.மீ. அகலத்துல சரியா உட்காருது. நீளத்துல கால்மாட்டில் மூணு அடி மிச்சம், அதுல பைகள். பாட்டி கட்டில் கதவுக்குப் பக்கத்துல. ரெண்டாவது ஒரு சாதாரண மூணு பேர் டென்ட், தாழ்வா இருந்தாலும் பரவாயில்ல. அதுல அப்பாவும் நானும். ரெண்டு கதவும் எதிரெதிரா பார்க்கிற மாதிரி போட்டு, நடுவில ஒரு தார்ப்பாயை மேலே கட்டிட்டா, அது திண்ணை. சாப்பாடு, அரட்டை எல்லாம் அங்க.

இதுல இன்னொரு லாபமும் இருக்கு. நாளைக்கு நண்பர்களோட போனா சின்ன டென்ட் மட்டும் போதும். அக்கா குடும்பம் தனியா போனா பெரிசை எடுத்துக்கிட்டுப் போகலாம்.

விலையைச் சொல்லாததுக்குக் காரணம், நீங்க கேக்கற நேரத்துல அது மாறியிருக்கும். அதுக்குப் பதிலா ஒரு வழி சொல்றேன். வருஷத்துக்கு எத்தனை ராத்திரி போவீங்கன்னு உண்மையா எழுதுங்க. மூணுக்குக் கீழன்னா வாடகைக்கு எடுங்க. அதுக்கு மேலன்னா வாங்குங்க. பட்ஜெட் இடிச்சா பெரிய டென்ட்ல குறைக்காதீங்க, சின்னதுல குறைச்சுக்கோங்க. பாட்டி தூங்கறது பெரிசுல.

மொட்டை மாடி டெஸ்ட்

வாங்கின உடனே காட்டுக்குப் போகாதீங்க. மாடிக்குப் போங்க.

சாயந்திரம் மெரினாவில இருந்து கடல் காத்து அடிக்கும்போது எங்க மாடியில நிக்க வெச்சா, டென்ட்டுக்கு இலவச டெஸ்ட். சிமென்ட் தரையில முளை அடிக்க முடியாதுன்னு கவலை வேண்டாம். 20 லிட்டர் வாட்டர் கேன் நாலு இருந்தா போதும். தண்ணி நிரப்பினா ஒவ்வொண்ணும் 20 கிலோ. கயிறை அதுல கட்டிடுங்க. ஸ்டாப் வாட்ச் போட்டு எத்தனை நிமிஷத்துல நிக்க வைக்கறீங்கன்னு பாருங்க. ரெண்டாவது தடவை இருட்டுல, டார்ச்சோட. அப்புறம் குழாயை மாட்டிப் பத்து நிமிஷம் மழை விடுங்க. உள்ளே போய் தையல் ஓரத்தைக் கையால தடவிப் பாருங்க. கடைசியா பாட்டியை மாடிக்குக் கூட்டிக்கிட்டு வந்து கட்டில்ல உட்கார வைங்க. தானா எழுந்து, கதவைத் திறந்து, வெளியே வர முடியுதா? முடியலைன்னா டென்ட்டை மாத்திக் கொடுக்கற நாள் முடியறதுக்குள்ள கடைக்குத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போங்க.

திரும்பி வந்ததும் நல்லா காய வைச்சுத்தான் மடிக்கணும். சென்னை ஈரப்பதத்துல, பரண் மேல, பிளாஸ்டிக் பையில இறுக்கி அடைச்சு வெச்சா ஃப்ளை உள்பக்கம் இருக்கிற பூச்சு பிசுபிசுன்னு ஆகி உரியும், ஒரு புளிச்ச வாடை வரும். பழைய தலையணை உறையில தளர்வா போட்டு வைங்க. காய வைக்கிறதும் நிழல்ல போதும். நாள் கணக்கா வெயில்ல போட்டா துணி இத்துப் போகும்.

எங்க போடறது?

கடைசியா இடம். எவ்வளவு நல்ல டென்ட்டா இருந்தாலும் அது ஒரு துணிதான். யானையைத் தடுக்காது, மின்னலைத் தடுக்காது. 2021 ஜனவரியில வயநாடு மேப்பாடி பக்கம், டென்ட்ல தங்கியிருந்த சுற்றுலாப் பயணி ஒருவர் யானை தாக்கி இறந்து போனார். 2018 மார்ச் 11 அன்னைக்குக் குரங்கணியில காட்டுத் தீ வந்தது. 20 பேருக்கு மேல உயிரிழந்தாங்க. அதுக்கப்புறம்தான் தமிழ்நாட்டுல மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகளே வந்தது. வனத்துறை அனுமதி இல்லாத காட்டுல, யாரோ சொன்னாங்கன்னு குடும்பத்தைக் கூட்டிக்கிட்டுப் போகாதீங்க. ஆள் இருக்கிற, கழிப்பறை இருக்கிற, கார் பக்கத்துல நிக்கிற கேம்ப் சைட்டைப் பாருங்க. இடி மின்னல் வந்தா எல்லாரும் டென்ட்டை விட்டுக் காருக்குள்ள போயிடணும்.

தென்னை மரத்தடியில டென்ட் போடக் கூடாது, காஞ்ச கிளைக்குக் கீழேயும் கூடாது. ஓடை ஓரமா வேண்டாம், மேல மழை பெஞ்சா தண்ணி சொல்லாம வரும். கிழக்குப் பக்கம் ஒரு மரமோ பாறையோ இருந்தா காலையில எட்டு மணி வரைக்கும் நிழல். அந்த ஒரு மணி நேரத் தூக்கம் பெரியவங்களுக்குப் பெரிய விஷயம்.

சுருக்கமா சொல்லிடறேன். தலைகளை ஒன்றரையால பெருக்குங்க. நிக்கிற உயரம், ரெண்டு கதவு, ரெண்டு அடுக்கு, கொசுவலை. தரைக்கு 3000-க்கு மேல. கனமான முளை தனியா. மாடியில ஒரு தடவை. இதுல எதையாவது விட்டுக் கொடுக்க வேண்டி வந்தா, வீட்டுல யாருக்கு அது கஷ்டமாகும்னு யோசிச்சுட்டு விட்டுக் கொடுங்க.

எங்க பாட்டி இதுவரைக்கும் "நான் வீட்டைப் பாத்துக்கறேன்"னு சொல்லல. "அங்க காபி கிடைக்குமா"ன்னுதான் கேட்டிருக்காங்க. அதனால அடுத்த எபிசோடு கேம்பிங் அடுப்பு பத்தி. உங்க வீட்டுல எத்தனை பேர், என்ன டென்ட் வெச்சிருக்கீங்க, எந்த ஊருல போட்டீங்கன்னு எழுதி அனுப்புங்க. அதுல இருந்து சில அனுபவங்களை அடுத்த தடவை படிக்கிறேன்.